நாக்கு ஏற்கெனவே பழகியதுதான்: தமிழர்களுக்கு உர்ஹோபோ முதல் பாடம்

நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில் வாரி என்றொரு எண்ணெய் நகரம். அங்கே மூன்று வருடம் குப்பை கொட்டினேன். போன முதல் வாரம், நான் குடியிருந்த வீட்டுக்காரரின் அம்மா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். "குட் மார்னிங், மாமா" என்றேன். அங்கே வயதான பெண்களை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிழங்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெரியவங்களுக்கு அப்படிச் சொல்லக்கூடாது, சார். மிக்வோ சொல்லணும்." அப்படியென்றால்? "முழங்காலில் இருக்கிறேன்னு அர்த்தம்." அடுத்த நாள் காலை முழங்காலைக் கொஞ்சம் மடக்கி "மிக்வோ, மாமா" என்றேன். கத்தி நின்றது. "வ்ரெண்டோ" என்றார் கிழவி. எழுந்திரு என்று பொருள். அன்றிலிருந்து தினமும் எனக்கு ஒரு சொல்லாவது கிடைத்தது. தப்பாகச் சொன்னால் கிழங்குத் தோல் என் காலடியில் வந்து விழும்.

இந்தப் பதிவு அந்த வாசல்படிப் பாடங்களின் தொகுப்பு. மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒலிகளைச் சோதிக்க ஒரு கண்ணாடி, ஒரு துண்டுக் காகிதம், உங்கள் குரலைப் பதிவு செய்ய ஒரு கைபேசி, இவ்வளவு போதும்.

தொடங்குமுன்: இது யார் மொழி?

உர்ஹோபோ மக்கள் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் மேற்குப் பகுதிக்காரர்கள். உகெல்லி, அப்ராகா, அக்பர்ஹோ, ஒக்பாரா, எஃபுருன், சபேலே, வாரி என்று ஊர்ப் பெயர்களை அடுக்கலாம். மொழி நைஜர்-காங்கோ பெருங்குடும்பத்தில் எடோயிட் என்ற கிளையைச் சேர்ந்தது. வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன பெனின் அரசின் எடோ மொழி இதற்கு ஒன்றுவிட்ட அக்கா. பக்கத்து வீட்டு இசோகோ உடன்பிறந்த தங்கை. வாரி நகரின் வேடிக்கை என்னவென்றால், ஒரே சந்தையில் உர்ஹோபோ, இட்செகிரி, இஜோ என்ற மூன்று மொழிகள் கேட்கும். இட்செகிரி யொரூபாவின் உறவு, இஜோ அதற்கும் எட்டத்தில் நிற்கும் கிளை. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக பிஜின் என்ற உள்ளூர்க் கலப்பு ஆங்கிலம் ஓடுகிறது. அதனாலேயே நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாய்மொழி வணக்கத்தோடு நின்றுவிடுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு கொக்கி: 1991-இல் புக்கர் பரிசு வாங்கிய பென் ஓக்ரியின் தந்தை உர்ஹோபோக்காரர். கவிஞர் தனூரே ஒஜைடேயும், 1932-இல் பிறந்த ஓவியர் புரூஸ் ஒனோபிரக்பேயாவும் இந்த மண்ணின் ஆட்கள்தாம்.

ஊருக்கு ஊர் பேச்சு மாறும். எழுத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது அக்பர்ஹோ ஊர் வழக்கு. ஒக்பே, உவியே பேச்சுகளை மொழியியலாளர்கள் தனி மொழிகளாகவே பிரிக்கிறார்கள். ஆகவே நீங்கள் பயின்ற சொல்லை ஒருவர் வேறு மாதிரி சொன்னால் பதறாதீர்கள். கோவையும் கன்னியாகுமரியும் போலத்தான்.

படி 1: ஏழு உயிர்கள்

உர்ஹோபோவை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இ, அ, உ மூன்றிலும் சிக்கல் இல்லை. எகரத்திலும் ஒகரத்திலும்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு வகை: வாயை ஒடுக்கிச் சொல்வது ஒன்று, திறந்து சொல்வது மற்றொன்று. திறந்ததைக் காட்ட எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பார்கள்.

இந்தப் பதிவு முழுக்க ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்வோம். ஒடுங்கிய ஒலிகளை ஏ, ஓ என்றும், திறந்த ஒலிகளை எ, ஒ என்றும் எழுதுகிறேன். ஆனால் ஏ, ஓ என்று கண்டதும் நீட்டிவிடாதீர்கள். இது நெட்டுயிர்க் குறியல்ல, வாயின் வடிவத்துக்கான குறி மட்டும். எல்லாமே ஒரு மாத்திரைதான். நீட்டினால் என்ன விபரீதம் நடக்கும் என்பதைப் படி 7-இல் பார்ப்போம்.

திறந்த எ எங்கே கிடைக்கும்? நம் வாயிலேயே இருக்கிறது. 'இல்லை', 'மழை' என்று எழுதுகிறோம், பேசும்போது 'இல்லெ', 'மழெ' என்கிறோம். அந்தக் கடைசி ஒலிதான். இதில் ஒரு சொல்: ஓடெ, அதாவது பெயர். முதல் உயிர் ஒடுங்கியது, கடைசி உயிர் திறந்தது. கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், தாடை இறங்குவது தெரியும்.

திறந்த ஒ-வுக்கு 'டாக்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 'டா', வாயில் வருவது டாவும் இல்லை டோவும் இல்லை. அந்த நடுவாந்திர ஒலிதான். அதை இரண்டு முறை குறுக்கிச் சொன்னால் ஒமொ, குழந்தை. இதற்கு நேர்மாறாக, உதட்டை நன்றாகக் குவித்து இரண்டு ஓ சொன்னால் ஓஹ்வோ, மனிதர்.

இன்னும் மூன்று சொற்கள்: ஏஃபே, செல்வம். அமே, தண்ணீர். இகோ, பணம். இந்த மூன்றிலும் ஏ, ஓ ஒடுங்கியவை.

படி 2: இலவசமாகக் கிடைக்கும் மெய்கள்

அங்கே வேலைக்கு வந்திருந்த ஐரோப்பியர்கள் நாக்கைச் சுளுக்கிக்கொண்ட சில ஒலிகள் நமக்கு ஓசியில் வருகின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட திமிர் கொஞ்சநஞ்சமல்ல. (படி 3-இல் அது அடங்கியது.)

முதலாவது, ஓகெனெ என்ற சொல்லில் உள்ள க. ஓகெனெ என்றால் கடவுள். இந்தக் க 'கல்'லில் வருவது போல அடைத்து வெடிப்பதல்ல. 'முகம்', 'பகல்' என்று நிதானமாகச் சொல்லும்போது தொண்டையில் உரசிப் போகிறதே, அந்தக் க. கொஞ்சம் குரல் சேர்த்து உரசுங்கள். பணம் என்ற இகோவிலும் அதே க.

இரண்டாவது, நம் வ. தமிழ் வ-வைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்; காற்று உரசாது. உர்ஹோபோவில் அச்சு அசலாக அந்த ஒலி இருக்கிறது. ரோமனில் எழுத வழியில்லாமல் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். 'வெ' என்றால் என்னை, எனக்கு. நாம் எப்படிச் சொல்வோமோ அப்படியே சொன்னால் போதும்.

மூன்றாவது மொழியின் பெயரிலேயே இருக்கிறது. உர்ஹோபோ என்று எழுதினாலும் நடுவில் ர், ஹ் என்று இரண்டு ஒலிகள் இல்லை. ஒரே ஒலிதான். நாக்கு நுனி அதிர வேண்டும், ஆனால் குரல் வரக்கூடாது. 'அறம்' என்று றகரத்தை உருட்டிச் சொல்லுங்கள். இப்போது கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, அதே உருட்டலை ரகசியம் பேசும் குரலில் சொல்லுங்கள். விரலுக்கு அதிர்வு தெரியக்கூடாது. வந்துவிட்டதா? உர்ஹே, மரம். ஏர்ஹா, மூன்று. ர்ஹே, வா. சாதாரண ர தனியே இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது. ர-றவைப் பிரித்துச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. என்னைப் போல இரண்டையும் ஒன்றாக்கிவிட்டவர்களுக்கு ஒரு வாரம்.

ஞ-வும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: திமிர் அடங்கும் இடம்

அக்பொ என்றால் உலகம், வாழ்க்கை. ரோமனில் பார்த்தால் க், ப் என இரண்டு எழுத்து. நாமும் 'அக்பர்' சொல்வது போல முதலில் க், பிறகு ப் என்று சொல்லிவிடுவோம். தப்பு. நாக்கின் பின்புறம் மேலே ஒட்டியிருக்கும்போதே உதடும் மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் திறக்க வேண்டும்.

செய்து பார்க்கும் முறை இது. உதட்டை மூடுங்கள். மூடிய வாய்க்குள்ளேயே க் சொல்லப் போவது போல நாக்கை மேலே ஒட்டுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து விடுங்கள். வருவது ப போலவும் இருக்கும், ஆனால் பாட்டில் மூடி திறக்கும் ஒரு 'டொப்' அதில் கலந்திருக்கும். கண்ணாடியில் பாருங்கள்: 'அக்' என்ற பகுதியில் உதடு திறந்தே இருந்தால் நீங்கள் இன்னும் அக்பரில்தான் இருக்கிறீர்கள். அ சொன்ன கையோடு உதடு மூடிவிட வேண்டும்.

இதற்குக் குரல் சேர்ந்த ஜோடியும் உண்டு. 'திக்பிரமை'யில் வருவது போன்ற மெல்லிய க்-ப் இரண்டையும் ஒட்டவைத்தது. அக்பர்ஹோ என்ற ஊர்ப் பெயரில் இருப்பது இது. ஒக்பாரா, ஒக்பே ஊர்களில் இருப்பது வல்லினமானது. தமிழில் இரண்டையும் க்ப என்றுதான் எழுத முடிகிறது, அதனால் காதுதான் கதி.

அடுத்த வம்பு, வகரத்தில் மூன்று. நம் வ ஒன்று. பல் உதட்டில் அழுந்தி உரசும் வ ஒன்று. இவே, அதாவது இரண்டு என்ற எண்ணில் வருவது. உதட்டைக் குவித்து, பல் எங்கும் படாமல் சொல்லும் வ மற்றொன்று. ஆங்கிலத்தில் 'வாட்டர்' சொல்லும்போது வருவது. நமக்கு எல்லாமே வ. உர்ஹோபோக்காரர் காதில் மூன்றும் வேறு வேறு எழுத்து. இதற்கு வீட்டையே பயிற்சிச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம்: உவேவி, வீடு. முதல் வ உதடு குவிந்தது, இரண்டாவது வ நம்முடையது. உவேவி, உவேவி என்று ஒரு மாதம் வாசல்படியில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வ-வையும் ஒரே மாதிரி சொன்ன ஒவ்வொரு முறையும் கிழவி சிரித்தார்.

கடைசியாகக் காகிதத் துண்டு. மொழி என்பதற்கான சொல் ஏபெரெ. இதிலுள்ள பகரம் மெழுகுவர்த்தியை ஊதும்போது வரும் ஒலி: இரண்டு உதடும் நெருங்கும், ஒட்டாது, இடையில் காற்று போகும். காகிதத்தை வாய் முன்னால் பிடித்துச் சொல்லுங்கள், சீராக நடுங்க வேண்டும். படக்கென்று ஒரே துள்ளலாகத் துள்ளினால் அது வெடிக்கும் ப, தவறு. ஏஃபேயில் வரும் ஃப வேறு, அதில் பல் படும். ஓஹ்வோவில் வரும் ஹ்வ-வும் ஒரே ஒலிதான்: ஹ சொல்லும்போதே உதடு குவிந்திருக்க வேண்டும்.

படி 4: மூக்கு

சில சொற்களின் ஈற்றில் ன் எழுதியிருக்கும், ஆனால் நாக்கு எங்கும் தொடாது. உயிர் மட்டும் மூக்கு வழியாகப் போகும். 'வந்தான்' என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? 'வந்தா' என்று மூக்கில் முடிக்கிறோம். ன் எங்கே போனதென்று யாரும் தேடுவதில்லை. அதே வேலைதான். அயே என்றால் பெண். அயேன் என்றால் அவர்கள். எழுத்தில் ஒரு ன் மட்டும் கூடுகிறது, வாயில் மூக்கு திறக்கிறது. அயேன் என்று நுனிநாக்கை அழுத்திச் சொல்லாமல், 'வந்தா'வைச் சொல்கிற அதே சோம்பேறித்தனத்தோடு சொல்லுங்கள்.

படி 5: தொனி

இதில் தமிழால் எந்த உதவியும் கிடையாது. உர்ஹோபோவில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுருதி உண்டு: மேல் அல்லது கீழ். எழுத்து ஒன்றாக இருந்தும் சுருதி மாறினால் சொல்லே வேறாகிவிடும். போதாக்குறைக்கு, சில இடங்களில் ஒரு மேல் தொனிக்குப் பின் வரும் இன்னொரு மேல் தொனி அரைப்படி இறங்கி ஒலிக்கும். மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல், மாடிப்படியில் ஒரு படி இறங்கியது போல. பாடநூல்களிலும் அகராதிகளிலும் மேலுக்கு வலப்பக்கம் சாய்ந்த கோடும் கீழுக்கு இடப்பக்கம் சாய்ந்த கோடும் போடுவார்கள். அன்றாட எழுத்தில் இவை எதுவும் இருக்காது. நாம் புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்த மாதிரி அவர்கள் சூழலை வைத்தே படித்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பலன் தந்த வழி: சொல்லைச் சொல்லாதீர்கள், முனகுங்கள். யாராவது 'மிக்வோ' சொல்லக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு அந்த மெட்டை மட்டும் 'ம்ம்-ம்ம்' என்று முனகிப் பதிவு செய்யுங்கள். மெட்டு சரியாக வந்த பிறகு எழுத்துகளை அதில் போடுங்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் ச-வும் ப-வும் என்று நினைக்கத் தொடங்குவார்கள், வேண்டாம். நிலையான சுருதி எதுவும் கிடையாது. பக்கத்து அசையைவிட மேலா கீழா என்பது மட்டும்தான் கணக்கு.

ஒவ்வொரு புதுச் சொல்லையும் முதல் நாளே மெட்டோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். 'எழுத்தை முதலில், தொனியைப் பிறகு' என்று தள்ளிப்போட்டவன் நான். பிறகு நூறு சொல்லை முதலிலிருந்து கற்க வேண்டி வந்தது.

படி 6: பெயர்ச்சொல்லின் தலையைப் பாருங்கள்

உர்ஹோபோப் பெயர்ச்சொற்கள் உயிரில் தொடங்கி உயிரில் முடிபவை. ஒமொ, ஓஹ்வோ, உவேவி, அமே, அக்பொ என்று இதுவரை வந்தவற்றைத் திரும்பிப் பாருங்கள். அந்த முதல் உயிர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒருமை பன்மை சொல்வது அதுதான்.

நாம் கள்-ளை வாலில் ஒட்டுகிறோம். அவர்கள் தலையை மாற்றுகிறார்கள். ஓஹ்வோ மனிதர், இஹ்வோ மக்கள். ஒமொ குழந்தை, ஏமொ குழந்தைகள். உர்ஹே மரம், இர்ஹே மரங்கள். உவேவி வீடு, இவேவி வீடுகள். ஓபொ கை, அபொ கைகள் (இந்தப் ப 'கம்ப'த்தில் வருவது போல மெலிந்தது). அயே பெண், ஏயா பெண்கள். இதில் வாலும் மாறிவிட்டது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உ-வில் தொடங்கினால் பெரும்பாலும் இ ஆகும் என்று ஓரளவு ஊகிக்கலாம், ஓ, ஒ-வில் தொடங்குபவை பல திசைகளில் போகும். எனவே ஒருமையையும் பன்மையையும் ஜோடியாகவே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீருக்கும் பணத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை.

பெயரை விவரிக்க வரும் சொல்லெல்லாம் பெயருக்குப் பின்னால் நிற்கும். நமக்கு முழுக்கத் தலைகீழ். ஒமொ ந என்றால் அந்தக் குழந்தை, நாம் பேசிக்கொண்டிருந்தோமே அதே குழந்தை. ஓடெ மெ, என் பெயர். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பெயர் என்'. ஒமொ மெ, என் குழந்தை. கிழவி நல்ல மனநிலையில் இருந்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு பெயர்களை இணைக்க நடுவில் ரெ வரும்: ஏபெரெ ரெ உர்ஹோபோ, உர்ஹோபோவின் மொழி. வலமிருந்து இடமாகத் தமிழாக்கினால் சரியாக வரும்.

எண்ணும் பின்னால்தான்: இஹ்வோ இவே, இரண்டு பேர். ஒன்று முதல் ஐந்து வரை ஒவோ, இவே, ஏர்ஹா, எனே, இயோரின் (மூக்கில் முடியுங்கள்). பத்து, இஹ்வே. பெரிய எண்களை இருபது இருபதாகக் கட்டுகிறார்கள். சந்தையில் விலை கேட்கும் அளவுக்கு வந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ளலாம். சந்தைக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததுமே பிஜினுக்குத் தாவிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

படி 7: வாக்கியம், மறுப்பு, கேள்வி

வாக்கிய வரிசை: யார், என்ன செய்கிறார், எதை. வினை நடுவில் வரும். குஒனொ என்பது மிகப் பயனுள்ள வினை (முதல் எழுத்து 'அங்கம்' என்பதில் வரும் மெலிந்த க). தேடு, வேண்டு, நேசி மூன்றும் அதில் அடக்கம்.

ஒ குஒனொ அமே: அவருக்குத் தண்ணீர் வேண்டும்.
ஒமொ ந குஒனொ அமே: அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும்.
ஏமொ ந குஒனொ அமே: அந்தக் குழந்தைகளுக்குத் தண்ணீர் வேண்டும்.
அயேன் குஒனொ அமே: அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும்.

வினையைக் கவனியுங்கள். ஆன், ஆள், ஆர், அது எதுவும் இல்லை. ஒருமைக்கும் பன்மைக்கும் அதே குஒனொ. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒ. 'அவர் வந்தார்' என்று வாட்ச்மேன் பிஜினில் சொல்லும்போது ஆணா பெண்ணா என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எதற்கு இந்தாளுக்கு அது என்று அவர் பார்ப்பார்.

இந்த ஒ-வில் ஒரு சின்ன நெளிவு உண்டு. ஒ குஒனொ என்கிறோம், ஆனால் 'அவரிடம் பணம் இருக்கிறது' என்பதற்கு ஓ வோ இகோ. வினையின் உயிர் ஒடுங்கியதாக இருந்ததால் முன்னால் நிற்கும் சொல்லும் ஒடுங்கிக்கொண்டது. விநோதமாகத் தோன்றினால் உங்கள் பேச்சையே கேளுங்கள்: 'இலை'யை 'எலெ' என்றும் 'உடம்பு'வை 'ஒடம்பு' என்றும் ஏன் சொல்கிறீர்கள்? அடுத்த அசையின் ஐகாரத்தையும் அகரத்தையும் பார்த்து இகரமும் உகரமும் வாய் திறந்துகொண்டன. அயல்வீட்டைப் பார்த்து உயிர் தன்னை மாற்றிக்கொள்ளும் பழக்கம் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

இப்போது நீட்டல். உர்ஹோபோவில் 'இல்லை' என்று தனியாக ஒரு சொல்லை ஒட்ட வேண்டாம். கடைசி உயிரை நீட்டினால் போதும். அயேன் ர்ஹே என்றால் அவர்கள் வந்தார்கள். அயேன் ர்ஹே-ஏ, அவர்கள் வரவில்லை. ஒ குஒனொ-ஒ, அவருக்கு வேண்டாம். எழுத்தில் இப்படித்தான் சிறுகோடு போட்டு உயிரைத் திரும்ப எழுதுவார்கள். படி 1-இல் ஏகார ஓகாரங்களை நீட்டாதீர்கள் என்று ஏன் அடித்துச் சொன்னேன் என்பது இப்போது புரியும். ஒரு நாள் வண்டி வந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, தமிழ்ப் பழக்கத்தில் கடைசி ஏ-வை இழுத்துவிட்டேன். கூட வர வேண்டியவர் மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டார்.

கேள்வி இன்னும் நுட்பமானது. ஆமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்கு நாம் ஆ சேர்ப்போம்: வந்தாரா? உர்ஹோபோவில் சொற்கள் அப்படியே இருக்கும், கடைசியில் குரல் கீழே இறங்கும். மேலே அல்ல, கீழே. நாமும் ஆங்கிலேயரும் கேள்வியில் குரலை ஏற்றுகிறோம், அதனால் இது கைவர நாளாகும். என்ன, யார், எப்படி என்று கேட்க டியே, ஓனோ, மாவொ என்ற சொற்கள் உண்டு. மாவொவைத் தனியாகச் சொன்னாலே 'எப்படி இருக்கிறாய்' ஆகிவிடும். சமவயதுக்காரரிடம் மட்டும் சொல்லுங்கள்.

காலம் காட்டுவதில் தொனிக்குப் பெரும்பங்கு உண்டு. இறந்த காலத்தில் சில இடங்களில் வினைக்குப் பின் ஓர் அசையும் சேரும். ரு, செய், ஓ ருரு, அவர் செய்தார். முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்.

படி 8: ஆட்களின் பெயரை உடைத்துப் படியுங்கள்

இது எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லாத குறுக்குவழி. உர்ஹோபோக்காரர் ஒருவரின் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். சுருக்கிக் கூப்பிடுவார்கள், முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டால் இலக்கணம் தானாக வரும்.

ஓகெனெருகெவெ என்றொரு பெயர் பரவலாக உண்டு. உடையுங்கள்: ஓகெனெ, கடவுள். ரு, செய். கெ, கொடு. வெ, எனக்கு. 'கடவுள் எனக்குச் செய்து கொடுத்தார்.' நம் 'செய்து கொடு'வேதான். ஆனால் நாம் 'செய்து' என்று எச்சமாக்கி இணைக்கிறோம், அவர்கள் ரு, கெ என்று இரண்டு மொட்டை வினைகளை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் ஓடும் வழக்கம் இது. 'எனக்காக', 'அவருக்கு' என்று வருகிற இடத்திலெல்லாம் கெ வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஓகெனெகரோ: கடவுள் முன்னே செல்கிறார். ஒனொமெ: என்னுடையது; கடைசி மெ படி 6-இல் பார்த்த அதே மெ. ஏஜிரோ, புகழ்ச்சி. உஃபுவோமா, அமைதி.

ஒமொனிகோ என்ற பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒமொ, குழந்தை. நெ, விஞ்சு. இகோ, பணம். பணத்தைவிடக் குழந்தை பெரிது. ஒப்பீடு செய்ய 'விட' போன்ற உருபு இல்லை, விஞ்சு என்ற வினையே அந்த வேலையைச் செய்கிறது. சேரும்போது நெ+இகோ, நிகோ ஆகிவிட்டது பாருங்கள். முன் சொல்லின் கடைசி உயிர் காணாமல் போய்விட்டது. நாடு+எங்கும் 'நாடெங்கும்' ஆவதைப் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. பெயர்ச்சொற்கள் எல்லாம் உயிரில் தொடங்கி உயிரில் முடிவதால் இந்தப் புணர்ச்சி வாய் திறந்த இடமெல்லாம் நடக்கிறது. ரே ஏமு, சாப்பாடு சாப்பிடு, வேகத்தில் ரேமு.

சாப்பாட்டுக்கடையில் இதை நாக்காலேயே கற்கலாம். ஓக்வோ, குழம்பு. ஏவ்ரி, பனையெண்ணெய். சேர்ந்தால் ஓக்வேவ்ரி. செம்பனையெண்ணெயைக் காரஉப்போடு கலக்கும்போது மஞ்சளாகக் கெட்டிப்படும்; புகைபோட்ட மீன் போட்டு, மரவள்ளி மாவுப் பசையான உசியோடு வைத்துத் தருவார்கள். உசியை விரலில் எடுத்து உருட்டி, மென்றுவிடாமல் விழுங்க வேண்டும். நான் மென்றேன். பக்கத்து மேசைக்காரர் தட்டை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

படி 9: முதல் உரையாடல்

இதற்கு மேல் நானே சொல்லிக்கொண்டிருந்தால் பயனில்லை, ஆள் வேண்டும். உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ டெல்டா மாநிலத்துக்காரர் யாராவது இருந்தால், முதலில் அவர் உர்ஹோபோவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இட்செகிரிக்காரரிடம் போய் இதைச் சொன்னால் நன்றாக இருக்காது. ஆம் என்றால், வயதைப் பாருங்கள். மூத்தவரென்றால் முழங்காலைச் சற்று மடக்கி, குனிந்து:

"மிக்வோ."

அவர் "வ்ரெண்டோ" சொல்லும்வரை நிமிராதீர்கள். அது ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடியில்தான் உங்களை எடைபோடுகிறார்கள். நிமிர்ந்ததும்:

"ஓடெ மெ ஒயேன்" என்று சொல்லி உங்கள் பெயர். ஒயேன் மூக்கில் முடியட்டும்.

பிறகு அவருடைய முழுப்பெயரைக் கேளுங்கள்: "டியே ஓடெ வென்?" உங்கள் பெயர் என்ன? (இந்த வ உதடு குவிந்தது.) அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அவர் முன்னாலேயே ஓகெனெவையும் ஒமொவையும் தேடி உடைக்க ஆரம்பியுங்கள். பாதி தப்பாக இருக்கும். திருத்தச் சொல்லுங்கள், அவர் திருத்துவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து முனகிப் பாருங்கள்.

நான் ஊர் திரும்பிய அன்று காலை பெட்டியோடு வாசலில் நின்று மிக்வோ சொன்னேன். கிழவி வழக்கம்போலக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வ்ரெண்டோ சொல்லவில்லை. நான் குனிந்தபடியே நிற்க, வாட்ச்மேன் வண்டிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்க, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்: "உவேவி?"

உவேவி, என்றேன். இரண்டு வ-வும் சரியாக விழுந்தன. "வ்ரெண்டோ, ஒமொ மெ" என்றார்.